நின்ற கால்களும் நிராகரிப்புக் கடிதமும்

கேள்வி: கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக விற்பனையாளராக இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் போக இரவு ஒன்பது வரைக்கும் நிற்க வேண்டும். ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, "ஏனுங்க, கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காந்திருந்தா கடைக்கு மருவாதியாங்க?" என்றார் மேலாளர். ஐந்தாறு வருஷமாகப் புடைத்திருந்த வலது கால் நரம்பு, இந்த வருஷம் கணுக்காலில் புண்ணாகிவிட்டது. தனியார் மருத்துவமனையில் லேசர் சிகிச்சை செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள்; செலவு 1,20,000 ரூபாய். சம்பளம் கூடி ஈ.எஸ்.ஐ. நின்றுபோனதும் எடுத்த பாலிஸி மூன்றாவது வருஷத்தில் இருக்கிறது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை என்றும், இது அழகுக்கான சிகிச்சை என்றும் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அந்தப் பணம் கிடைக்குமா? கடை முதலாளியிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: தாங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தையும், டாப்ளர் ஸ்கேன் அறிக்கையையும், டிஸ்சார்ஜ் குறிப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிதானமாகப் படித்துப் பார்த்ததில், காப்பீட்டு நிறுவனத்திற்கு எதிராகத் தங்கள் கட்சி பலமானது என்றும், முதலாளிக்கு எதிராக நஷ்டஈடு கோரும் அளவில் அது பலவீனமானது என்றும் எனக்கு அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது.

காப்பீட்டு நிறுவனம் கூறும் முதல் காரணம் அதனுடைய ஷரத்தின் முன்னாலேயே நிற்காது. மயக்க மருந்தோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தோ கொடுத்துச் செய்யப்படுவதும், முன்பு ஒரு நாளைக்கு மேல் படுக்கையில் கிடத்தவேண்டியிருந்து, தொழில்நுட்ப முன்னேற்றத்தால் இப்போது 24 மணி நேரத்திற்குள் முடிந்துவிடுவதுமான சிகிச்சையையே பாலிஸிகள் பகல்நேரச் சிகிச்சை என்று வரையறுக்கின்றன. இந்த வரையறை காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் வகுத்த முறையைத் தழுவி, தொடைச்சந்தில் கீறி நாளத்தைக் கட்டி உருவியெடுத்த காலத்தில் நோயாளி மருத்துவமனையில் தங்கவேண்டியிருந்தது. இன்று முழங்காலருகே ஊசித் துளை வழியாக நூல் போன்ற ஒளியிழையைச் செலுத்தி, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தொடைவரை ஏற்றி, கெட்டுப்போன நாளத்தை உள்ளிருந்தே வெப்பத்தால் அடைத்துவிடுகிறார்கள் என்பதனால்தான் தாங்கள் மாலையிலேயே நடந்து வீடு திரும்பினீர்கள். தாங்கள் விரைவில் திரும்பியதையே குற்றமாக்குவது அந்த வரையறையைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

அழகுக்கான சிகிச்சை என்ற இரண்டாவது காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் தங்களுக்கு வந்திருக்கும் நரம்புச் சுருட்டல் நோயில் இந்த வாதம் சில சமயம் நியாயமாகவும் அமைந்துவிடும். தோலின் மேற்புறத்தில் சிலந்திவலை போலத் தெரியும் மெல்லிய நாளங்களைத் தோற்றத்திற்காக மட்டும் நீக்கிக்கொள்வோர் உண்டு. ஆனால் தங்கள் டாப்ளர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், வலது காலின் பெரிய சஃபீனஸ் நாளம் தொடைச்சந்திலேயே வால்வு பழுதாகி இரத்தத்தைக் கீழ்நோக்கித் திருப்பி விடுகிறது என்றும், டிஸ்சார்ஜ் குறிப்பில், கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து ஆறாத புண் இருக்கிறது என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. அழகுச் சிகிச்சையை விலக்கும் அதே ஷரத்து, உடல்நலத்திற்கு நேரடியாகவும் உடனடியாகவும் நேரக்கூடிய ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சைக்கு விதிவிலக்கு அளித்து, அதற்குச் சிகிச்சை செய்த மருத்துவரின் சான்று வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தச் சான்று தங்கள் தஸ்தாவேஜுகளில் இல்லை. உடனே மருத்துவரிடம் சென்று, புண்ணையும் வால்வுப் பழுதையும் குறிப்பிட்டு, சிகிச்சை ஏன் அவசியமாயிற்று என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

இனி, அவர்கள் கூறாமல் விட்டதும் எனக்குக் கவலையளிப்பதுமான விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான பாலிஸிகளில் நரம்புச் சுருட்டலுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் இருக்கும். தங்களுடையது மூன்றாவது ஆண்டில் இருப்பதால் அதைக் கடந்துவிட்டீர்கள் என்றாலும், சில பாலிஸிகளில் 36 மாதம் என்று இருப்பதுண்டாதலால் பாலிஸியின் உள்பக்கங்களை ஒருமுறை பாருங்கள். "ஐந்தாறு வருஷமாகப் புடைத்திருந்த" என்று தாங்கள் எனக்கு எழுதியிருப்பது தெரியவந்தால் நிறுவனம், முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று பிற்பாடு சொல்ல முயலலாம். வெறுமனே புடைத்திருந்தது போதாது. பாலிஸி எடுப்பதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்திற்குள் ஒரு மருத்துவர் அதை நோயென்று கண்டறிந்தோ, ஆலோசனையோ சிகிச்சையோ சொல்லியோ இருந்தால்தான் அது முன்பே இருந்த நோயாகும். ஆகையால் தாங்கள் எனக்கு எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: ஈ.எஸ்.ஐ.யில் இருந்தபோது கால் வலிக்காக மருந்தகத்திற்கோ சிங்காநல்லூர் மருத்துவமனைக்கோ போனதுண்டா? போயிருந்தால் அங்கே சீட்டும் பதிவும் இருக்கும். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதன்முதலாகக் கால்வைத்ததே 1955 ஜனவரி 23 அன்று கோவையில்தான். இத்தனை தலைமுறை ஆலைத் தொழிலாளரைக் கண்ட அந்த மருந்தகங்களின் பதிவேடுகளைச் சாமானியமாக எண்ணிவிடாதீர்கள். அப்படி ஏதும் இருந்தாலும், நிராகரிப்புக் கடிதத்தில் குறிப்பிடாத காரணத்தை நிறுவனம் பிற்பாடு வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று 2019ஆம் ஆண்டில் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது தங்களுக்குத் துணை செய்யும்.

முதலில் மருத்துவரின் சான்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலின்றிக் கழிந்தாலோ, சென்னையில் உள்ள, ஆம்புட்ஸ்மன் என்று அழைக்கப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டிற்குள் செல்லலாம். கட்டணமில்லை, அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அல்லது, நிராகரித்த தேதியிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருப்பினும் தாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கும் பாத்தியதை உண்டு. தாங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்திற்குள் இருப்பதால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் நடத்த முடியாது. இந்தத் தொகைக்கு ஆம்புட்ஸ்மனே போதும் என்பேன். அங்கே வக்கீலும் தேவையில்லை என்று சொல்வது என் தொழிலுக்கு விரோதம்தான், எனினும் உண்மை அதுவே.

முதலாளி விஷயத்திற்கு வருகிறேன். தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கென ஓர் அட்டவணை உண்டு. ஈய விஷம், நுரையீரலில் தூசி படிதல் முதலியவை அதில் இடம்பெற்றிருக்க, நரம்புச் சுருட்டல் இடம்பெறவில்லை. அட்டவணையில் இல்லாத நோய்க்கு, அது வேலையினிடையே நேர்ந்த ஒரு குறிப்பிட்ட விபத்தின் நேர் விளைவு என்று நிரூபிக்கவேண்டும். பதினெட்டு வருஷம் நின்றதை விபத்து என்று எந்த அதிகாரியும் ஏற்றுக்கொள்ளமாட்டார். இதை வழக்காக்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

ஆயினும் ஸ்டூல் விஷயத்தில் சட்டம் தங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. கடை ஊழியர்கள் பணிநேரம் முழுவதும் நிறுத்திவைக்கப்படுவதால் பலவித நோய்களுக்கு ஆளாகிறார்கள் என்பதைக் காரணமாகக் கூறியே, 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளம் 2018லேயே இதைச் செய்திருந்தது. வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்கவேண்டும் என்பது விதி. எந்நேரமும் உட்கார்ந்திருக்கலாம் என்பது அதன் பொருளன்று, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் உட்காரத் தடைசெய்ய முடியாது என்பதே. லேசர் அடைத்தது ஒரு நாளத்தைத்தான். இதே நிலையில் நின்றுகொண்டிருந்தால் இடது காலும் வேறு நாளங்களும் பழுதாக இடமுண்டு என்பதை மருத்துவரே தங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆகையால், நெடுநேரம் நிற்கலாகாது என்று அவரிடம் எழுதி வாங்கி, அதன் நகலை இணைத்து மேலாளருக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் முறையிடலாம். அந்த மனுவில் தாங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்திடாமல், அதே தளத்தில் நிற்கும் மற்றவர்களும் சேர்ந்து கையெழுத்திடுவது நலம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்பாகவே அதைக் கொடுத்துவிடுங்கள். கூட்டம் வந்தபின் ஆய்வாளர் வந்தாலும் காலி இருக்கை எது, காலி நேரம் எது என்று அவரால் கண்டறிய முடியாது.