குடவோலை முதல் தீர்மானப் புத்தகம் வரை

முன்னுரை

நாட்டை ஆள்வோர் யாவர் என வினவினால் நம் மாணவர் தயங்காது விடை கூறுவர். தம் தெருக்குழாயில் நீர் வரச் செய்வோர் யாவர், அதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, அப்பணத்திற்குக் கணக்குக் காட்டுவோர் யாவர் என வினவினால் பலரும் விழிப்பர். நாள்தோறும் நம் வாழ்வைத் தொடும் ஆட்சியையே நாம் குறைவாக அறிந்துள்ளோம். ஆதலின், சிறு நகரங்களை ஆளும் பேரூராட்சியின் இயக்கத்தை, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைத் தொடக்கமாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

கல்லில் எழுதிய சட்டம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் எடுத்த ஓலைக்கு உரியவர் தேர்வு பெற்றார். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன ஊர்ப்பணிகளைக் கவனித்தன. பதவிக்காலம் 360 நாள்.

இவை அனைத்தினும் நம் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படலாகாது; அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அவ்விலக்கு உண்டு. அச்சபை அந்தணர் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. ஆகவே, அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக வைத்தல் பொருந்தாது. எனினும், கணக்குக் காட்டாதவர் ஆளத் தகாதவர் என்னும் நெறி அன்றே கல்லில் பொறிக்கப்பட்டது.

இன்றைய அமைப்பு

அவ்வூர் 2022-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சியாக வாக்களித்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது 74-ஆம் திருத்தம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அத்திருத்தம் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை வரையறுத்தது. மாநிலத் தேர்தல் ஆணையத்திற்கும் மாநில நிதிக்குழுவிற்கும் வழி செய்தது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, இடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியன அவற்றுட் சில.

2022 பிப்ரவரித் தேர்தலின்போது தமிழகத்தில் 21 மாநகராட்சிகளும், 138 நகராட்சிகளும், 490 பேரூராட்சிகளும் இருந்தன. இடங்களில் பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டது. குடவோலையில் பெயர் எழுதப்பெறாத இனத்தவர் இன்று சபையிற் பாதியாக அமர்வது பெரும் மாற்றமாகும். பேரூராட்சித் தலைவரை 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006, 2022 தேர்தல்களில் வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர்.

ஒரு பணி நிறைவேறும் விதம்

ஒரு தெருவின் கழிவுநீர்க் கால்வாய் இடிந்துவிட்டது எனக் கொள்வோம். தெருவினர் வார்டு உறுப்பினரிடம் முறையிடுகின்றனர். அல்லது அலுவலகத்தில் மனு அளிக்கின்றனர். பொறியாளர் நேரில் கண்டு மதிப்பீடு தயாரிக்கிறார். செயல் அலுவலர் அதனை மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கிறார். மன்றம் விவாதித்து நிறைவேற்றும் முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வேலை முடிந்தபின் அளவீட்டுப் புத்தகத்தில் அளவுகள் பதியப்பெற்று, அதன்படி ஒப்பந்தக்காரர்க்குப் பணம் வழங்கப்படுகிறது. இறுதியில் உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் அக்கணக்கை ஆராய்கின்றனர்.

இங்குத் தெளிய வேண்டுவது ஒன்று: முடிவெடுப்பது மன்றம், நிறைவேற்றுவது செயல் அலுவலர். ஒன்றையொன்று கண்காணிக்கும் இவ்வமைப்பில் ஒரு பக்கம் தளர்ந்தாலும் ஊர்ப்பணி கெடும்.

வருவாய்

இப்பணிகளுக்கான பணம் சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், வாரச்சந்தை, பேருந்து நிலையக் கடைகள் முதலியவற்றின் குத்தகை ஆகியவற்றால் வருகிறது. சொத்துவரி அரையாண்டுதோறும் செலுத்தப்படுவது. தொழில்வரி ஒருவர்க்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயை மிகலாகாது என்பது அரசியலமைப்பின் வரம்பு. சிற்றூர்களின் சொந்த வருவாய் சிறிது. ஆதலின் மாநில, மத்திய நிதிக்குழுக்களின் பரிந்துரைவழி வரும் மானியத்தை அவை பெரிதும் நம்பி நிற்கின்றன.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

இவ்வமைப்பின் அருமையை அஃது இல்லாதபோதே உணர்ந்தோம். 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தது. அவ்வாண்டுத் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே பொறுப்பு வகித்தனர். விளக்கு எரிந்தது, குப்பை அள்ளப்பட்டது. ஆயின், தெருவினர் கதவைத் தட்டி "ஏன் செய்யவில்லை?" எனக் கேட்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லை. அலுவலகம் இருந்தது, மன்றம் இல்லை. முடிவெடுப்பவரும் நிறைவேற்றுபவரும் ஒருவரே ஆயினர்.

முடிவுரை

மன்றம் அமைந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. வினவுவோர் இல்லாவிடின் தீர்மானப் புத்தகமும் அலமாரிக்குள் உறங்கும். வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கு 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவை கூடும் நாளில் நாம் சென்று அமர வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, நம் தெருவுக்குச் செலவான தொகையைக் கேட்டறியலாம். வரியைக் காலத்தே செலுத்துவது நம் கடமை. அது சென்ற வழியைக் கேட்பதும் அக்கடமையின் மறுபாதியே.

கணக்குக் கேட்டதை உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிச் சென்றனர். இன்று கல் வேண்டா. கேட்கும் நாவொன்று இருந்தாற் போதும். இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வார்டின் எண்ணையும் அதன் உறுப்பினர் பெயரையும் அறிந்து வருவாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.