துயருற்ற குடும்பமும் நமது கடமையும்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிந்த பிறகே மேலே நெய்கிறார். நாற்றங்காலின் ஒரு மூலை வாடினால் விவசாயி வேர்வரையில் தோண்டிப் பார்க்கிறார். ஆனால், ஒரு வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டாலோ, காரியம் முடியும் நாள்வரையில் சென்று வந்துவிட்டுப் பிறகு நாம் நம் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். பந்தல் பிரித்த பின்னரே அவ்வீட்டாரின் தனிமை தொடங்குகிறது. அந்த நாட்களில் நாம் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணை நிற்பது என்பதே இம்மாதப் பாடம்.

சங்கத்துக்கும் துக்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையாக நமது அனுபவம் ஒன்றை மறைக்காமல் கூறுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தோம். அங்கத்தினர் ஒருவரின் மனைவி இறந்துபோனார். இரண்டு மாதமாகியும் அவரிடமிருந்து ஒரு துணிகூட வரவில்லை. வாங்கிய நூலுக்குக் கணக்குக் கேட்டு நாம் கடிதம் அனுப்பினோம். மறுநாள் அவர் நூல் கட்டைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தார் சுற்ற ஆள் இல்லை ஐயா, குழியில் இறங்கினால் அவள் ராட்டைச் சத்தம் கேட்கிறது" என்றார். நாம் தலை குனிந்தோம். சோம்பல் என்று நாம் எண்ணியது துக்கமாக இருந்தது. கைத்தறி குடும்பத் தொழில். ஒரு கை குறைந்தால் வீடு முழுவதும் நின்றுபோகிறது.

அவரை மீட்டவர் பக்கத்துத் தெரு முதியவர் ஒருவர். மாலைதோறும் திண்ணையில் வந்து அமர்வார். "தம்பி, உன் வீட்டுக்காரி வைக்கும் பூசணிக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்லேன்" என்பார். அவர் அழுவார், முதியவர் கேட்டுக்கொண்டிருப்பார். முதியவரின் மகள் சில நாட்கள் தார் சுற்றிக் கொடுத்தாள். நான்காம் மாதம் ஒரு துண்டு நெய்து வந்தது. அந்தத் துண்டைக் கண்டபோதுதான் நாம் அனுப்பிய கடிதத்தின் கொடுமை நமக்கு முழுவதும் விளங்கியது.

துயரத்தின் இயல்பு

துயரம் நோயன்று, அன்பு கொண்ட உள்ளத்தின் இயற்கை. நித்திரை கெடுதல், ஆகாரம் செல்லாமை, நெஞ்சு அடைத்தல், காரணமற்ற கோபம், "முன்பே வைத்தியரிடம் போயிருக்கலாமே" என்ற குற்ற உணர்ச்சி ஆகியவை யாவும் சகஜம். இறந்தவரின் குரல் காதில் விழுந்ததுபோல் தோன்றுவதும் பலருக்கு நேர்வதே. அதைப் பைத்தியம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

துயரம் படிப்படியாக இறங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1969இல் எழுதிய நூலில் கூறிய ஐந்து நிலைகளை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அவர் அவற்றை முதலில் கண்டது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடத்தில். துக்கம் காப்போர் எல்லாரும் அதே வரிசையில் செல்வதில்லை. துயரம் அலைபோல் வருவது. தணிந்திருக்கும், தீபாவளியன்றும் திதியன்றும் மீண்டும் எழும். அதனால், "இன்னுமா அழுகிறாய்?" என்று யாரையும் கேட்கலாகாது.

ஆறுதல் கூறும் முறை

நல்லெண்ணத்தோடு நாம் கூறும் சில சொற்களே புண்ணைக் கிளறுகின்றன. "எல்லாம் விதி", "ஆண்பிள்ளை அழலாமா", "இன்னொரு குழந்தை பிறக்கும்" என்பவை அத்தகையன. உபதேசம் வேண்டாம், செவி கொடுத்தால் போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம். பேச்சு வராதபோது மௌனமாக உடனிருக்கலாம். "ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கூறுவதைவிட, "நாளைக் காலை மாட்டுக்குத் தீனி நான் போடுகிறேன்" என்பது பெரிய ஆறுதல். கேட்டவற்றை வெளியில் பேசாமலிருப்பது மிக முக்கியம்.

குழந்தைகளிடம், "அப்பா தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று கூறுதல் தவறு. குழந்தை தூங்கவே பயப்படும். அல்லது நாள்தோறும் வாசலில் காத்திருக்கும். "அப்பா இறந்துவிட்டார்; இனி வரமாட்டார்; உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்; இது உன்னால் நேர்ந்ததன்று" என்று எளிய சொற்களில் உண்மையைக் கூற வேண்டும். கணவனை இழந்த பெண்ணை நற்காரியங்களிலிருந்து ஒதுக்குவது, ஒரு துயரத்தின்மேல் இன்னொன்றை ஏற்றுவதாகும். அடுத்த வீட்டுத் திருமணத்துக்கு அவரையும் நேரில் சென்று அழைப்போமாக.

பாட்டிமாரின் பெஞ்சு

படித்த வைத்தியர் செய்ய வேண்டியதை நாம் செய்ய இயலுமா என்ற ஐயம் எழலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அங்கே டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் சுகாதார நிலையத்தின் வெளியே மரப் பெஞ்சில் அமர்ந்து, வருவோரின் குறைகளைக் கேட்டனர். பல சிக்கல்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குச் செய்யத்தக்கதை அவர்களே கண்டறிய உதவினர். மனச்சோர்வை அவ்வூரார் 'குஃபுங்கிசிசா', அதாவது 'அதிகமாக எண்ணுதல்' என்கின்றனர். 2016இல் வெளியான ஆய்வில், இப்பெஞ்சுக்கு வந்தோரின் மனவேதனை, வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட ஆறு மாதத்தில் பெரிதும் குறைந்திருந்தது. நம் நாட்டில் கோவாவிலும், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மனச்சோர்வுற்றோருக்கு ஆலோசனை கூறிப் பயன் விளைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மரப் பெஞ்சுக்கும் நமது திண்ணைக்கும் அதிக தூரமில்லை.

ஆபத்தின் அறிகுறிகள்

எனினும், நமது எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆறு மாதத்துக்கு மேலாகியும், அச்சமூகத்தின் வழக்கத்துக்கு மிஞ்சி, அன்றாட வாழ்வையே முடக்கும் துயரம் சிகிச்சைக்குரியது. தொடர்ந்து ஆகாரம் ஒழிதல், குடி மிகுதல், "நான் இருந்து என்ன பயன்" என்னும் பேச்சு, உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றைக் கண்டால் ஆறு மாதம் காத்திருக்கலாகாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேரே கேட்கலாம், கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை, பாரமே இறங்கும். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவச மனநல ஆலோசனை தமிழில் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொண்டு, அவருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கருத்து. ஆகவே, வழக்குக்கு அஞ்சி எவரும் உதவி நாடாமலிருக்க வேண்டாம்.

சங்கம் செய்யத்தக்கவை

1. மரணம் நேர்ந்த வீட்டுக்கு முதலில் ஆள் செல்லட்டும். கடிதம் பிறகு செல்லலாம். கடன் தவணையைப் பற்றிக் குடும்பத்தாரோடு அமர்ந்து பேசி, விதிகள் இடந்தரும் அளவுக்குக் கால அவகாசம் தருக.

2. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவும், சேமிப்பு, பங்குத்தொகை, காப்பீடு ஆகியவற்றைப் பெறவும் ஓர் அங்கத்தினரைத் துணையாக அனுப்புக. அழுதுகொண்டிருப்பவரை அலுவலகங்களுக்கு அலைய விடலாகாது.

3. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு ஆகிய காலங்களில் அவ்வீட்டுக்குச் செல்ல இருவரை நியமித்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்க.

4. பூச்சிமருந்தை வீட்டில் வைக்கலாகாது. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் அதைப் பூட்டுள்ள பொதுப் பெட்டகங்களில் வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. மக்களும் அதை ஏற்றனர். விவசாயச் சங்கங்களின் கிடங்குகளில் இதனைச் செய்யலாம்.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

நம் சங்கத்தில் கடந்த ஓராண்டில் மரணம் நேர்ந்த வீடுகள் எவை? பந்தல் பிரித்த பிறகு அவற்றுக்கு மீண்டும் சென்றவர் யார்? அவ்வீடுகளில் எவருக்கேனும் கணக்குக் கேட்டுக் கடிதம் போயிற்றா?

இக்கேள்விகளுக்கு விடை காணும்போது சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். நமக்கும் அன்று உண்டாயிற்று. அந்த வருத்தத்தோடு இன்று மாலையே ஒரு வீட்டுத் திண்ணைக்குச் செல்வோமாயின், இப்பாடம் பயன் பெற்றதாகும்.