பிள்ளையின் விளையாட்டைக் குறித்து வையுங்கள்

ஒன்பது மாதப் பிள்ளை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கும். எடுத்துக் கொடுத்தால் மீண்டும் போடும். அது குறும்பு அன்று. கண்ணுக்கு மறைந்த பொருள் எங்கே போகிறது என்று பிள்ளை ஆராயும் விதம் அது (குனிந்து குனிந்து எடுப்பவருக்குத்தான் சலிப்பு). ஒன்றரை வயதளவில் நிலவை விரலால் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டு வயதை நெருங்குகையில் வெறுங்கிண்ணத்திலிருந்து பொம்மைக்குச் சோறூட்டும்.

இவற்றைத் தாய் சேய் நலத் தாதியிடம் சொல்லுங்கள். விக்டோரியா மாநிலத்தில் பிறப்பு முதல் மூன்றரை வயது வரை 10 முக்கிய பருவங்களில் இச்சேவை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. புதிய அறையில் பிள்ளை வாய் திறவாது மடியில் ஒட்டிக்கொள்ளலாம். பேசினாலும் அதன் தமிழ் தாதிக்கு விளங்காது. ஆகவே நீங்கள் வீட்டில் கண்டதும் கேட்டதுமே அங்கே சான்று.

நாட்காட்டியின் ஓரத்தில் திகதியுடன் எழுதினாலே போதும். “நன்றாகப் பேசுகிறான்” என்பதைவிட, “‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என இரு சொற்களைச் சேர்க்கிறான்” என்பது தாதிக்குப் பயன்படும். தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. வீட்டில் தமிழைக் கைவிட வேண்டியதுமில்லை.

முன்பு சொன்ன சொற்களைப் பிள்ளை சொல்லாது விட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திராதீர்கள். “ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்று உறவினர் சொல்வது அன்பினால்தான். ஆயினும் செவிப்புலன் பரிசோதனைக்கு அது ஈடாகாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் சந்திப்பைப் பதியும்போதே கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை.