குண்டுக்காகக் காத்திருந்த குழல்

கேள்வி: துப்பாக்கிக் குழலுக்குள் மரை வெட்டும் வித்தை 16-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்ததாமே? பிறகு ஏன் நெப்போலியன் காலத்திலும் படைகள் மரையில்லாத மஸ்கட்டையே கட்டிக்கொண்டு அழுதன?
– வாசகர், கடலூர்

பதில்: குழலில் குறை இல்லை. குண்டில்தான் குறை.

அன்று மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத்தான் போட வேண்டும். மஸ்கட் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது; போட்டால் கடகடவென்று இறங்கிவிடும். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் சுடும்போது அதே குண்டு குழலின் சுவரில் முட்டி மோதித்தான் வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கிறவன் பிழைப்பதும் சாவதும் அவன் நேரம்.

மரை வெட்டிய துப்பாக்கியான ரைஃபிளில் குண்டு மரையைக் கவ்வினால்தான் சுழன்று நேராகப் போகும். கவ்வுகிற அளவுக்கு இறுக்கமான குண்டை வாயிலிருந்து அடிவரை இடித்து இறக்க வேண்டும். 1800-ல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளில் கொழுப்புத் தடவிய தோல் துண்டில் குண்டைச் சுற்றிப் போட்டார்கள். ஆரம்பத்தில் கூடவே ஒரு மரச் சுத்தியலும் கொடுத்தார்கள்! சில முறை சுட்டதும் கரி படிந்து வேலை இன்னும் கடினமாகும். குதிரைப்படை பாய்ந்து வரும்போது யார் சுத்தியலைத் தேடுவது?

ஆக, உள்ளே போகும்போது தளர்வாகவும் வெளியே வரும்போது இறுக்கமாகவும் இருக்கிற குண்டு வேண்டும். தென்னிந்தியாவில் பணியாற்றிய கேப்டன் நார்ட்டன், இங்குள்ளவர்களின் ஊதுகுழல் அம்புகளைக் கவனித்தாராம். அம்பின் அடியில் இருந்த மெத்தென்ற தண்டுச் சோறு ஊதும்போது விரிந்து, காற்றை விடாமல் அடைத்தது. அதைப் பார்த்து அவர் செய்த குழிவான குண்டை மேலிடம் ஏற்கவில்லை.

1849-ல் பிரெஞ்சு அதிகாரி மினியே அந்தக் காரியத்தை முடித்தார். கூம்பு முனை, உருளை உடம்பு, அடியில் குழி, குழிக்குள் ஒரு இரும்புக் கிண்ணம். மருந்து வெடித்ததும் கிண்ணம் முன்னே தள்ளப்பட்டு, ஈயத்தின் மெல்லிய விளிம்பு விரிந்து மரையைக் கவ்விக்கொள்ளும். சில நேரம் கிண்ணம் குண்டைத் துளைத்துக்கொண்டு போய்விட, ஈயம் குழலிலேயே சிக்கிக்கொள்ளும். குழியின் விளிம்பை மெல்லியதாக்கினால் வாயுவே அதை விரித்துவிடும், கிண்ணமே வேண்டாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் இருந்த பர்ட்டன்.

லாபம் குண்டு போடும் வேகத்தோடு நிற்கவில்லை. ஒரே விட்டத்தில் உருண்டையைவிட நீளக் குண்டுக்கு எடை அதிகம். காற்றைக் கிழித்துப் போவதால் வேகமும் சீக்கிரம் குறையாது. சுழற்சி இல்லாவிட்டால் அது குட்டிக்கரணம் போடும் என்பதால் மரை அதற்குக் கட்டாயம். முந்நூறு கஜத்திலும் ஆளைக் குறிவைக்க முடிந்தது. கிரிமியப் போரில், நெருக்கமான அணிவகுப்பில் வந்த ரஷ்யர்கள் இதை நேரில் கண்டார்கள். இத்தனைக்கும் இதற்கு ஆங்கிலத்தில் வந்த பெயர் ‘மினி பால்’. உருண்டையாக இல்லாத ஒன்றுக்குப் பந்து என்று பெயர்!

கடலூர்க்காரரான உங்களுக்கு ஒரு சேதி. எந்த நாடு ரைஃபிளை முழுமையாகக் கைக்கொள்கிறதோ அதன் படைக்கே மேலாதிக்கம் என்று 1747-லேயே வாதிட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக உங்கள் ஊரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்தவர், 1751-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அவர் கேட்ட ரைஃபிளுக்கு ஏற்ற குண்டு வர அப்போது இன்னும் 98 ஆண்டுகள் இருந்தன.