தொலைபேசி முறைமையையும் அறிவுத்தளத்தையும் தன்னியக்கமாக இணைத்தல்

மாணவர்களே, தகவல் முறைமைகளை ஒருங்கிணைத்தல் என்ற பகுதியைப் பலர் பரீட்சைக்கு முந்திய வாரம்வரை திறந்தே பார்ப்பதில்லை. வரைவிலக்கணங்களை மனனம் செய்துகொண்டு மண்டபத்துக்குள் போகின்றவர்கள், வினாத்தாளில் ஒரு நிறுவனத்தை விவரித்து “இங்கு எதனை எதனோடு எவ்வாறு இணைப்பீர்?” என்று கேட்டதும் பேனையை வைத்துவிடுகின்றனர். எனவே இப்பாடத்தை ஒரு சந்தர்ப்பத்திலிருந்து தொடங்குவோம். கலைப்பிரிவில் இப்பாடத்தைத் தெரிவு செய்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இதில் கணிதத்தைவிடக் காரணகாரியமே அதிகம்.

யாழ்ப்பாணத்தில் நீரிறைக்கும் இயந்திரங்களை விற்று, திருத்தியும் கொடுக்கும் ஒரு நிலையம் இருப்பதாகக் கொள்க. கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கும் நாட்களில் தொலைபேசி ஓயாது. “மெசின் ஓடுது, தண்ணி வருகுதில்லை” என்று ஒரு கமக்காரர் சொல்கிறார். வெங்காயத்துக்கு இன்று நீர் கட்டாயம் வேண்டும். பல வருடம் வேலை செய்த பணியாளர் உடனே, “புட்வால்வு ஒழுகுதோ எண்டு பாருங்கோ ஐயா, குழாய்க்குள்ள தண்ணி விட்டுப்போட்டு ஸ்ராட் பண்ணுங்கோ” என்பார். நீர்மட்டம் பம்பியிலிருந்து ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே போய்விட்டால், பம்பியையே கீழே இறக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளையோ, “பொறுங்கோ ஐயா, அண்ணை வந்தாப்பிறகு கேட்டுச் சொல்லுறன்” என்கிறாள். அந்த அண்ணை வெளிநாடு போய்விட்டால் நிலையம் என்ன செய்யும்?

ஒருவரின் அனுபவத்தில் மட்டும் தங்கியிருப்பது உள்ளார்ந்த அறிவு. எழுத்தில், படத்தில், பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவாறு இருப்பது வெளிப்படை அறிவு. முன்னையது பின்னையதாக மாறும் முறையை யப்பானிய அறிஞர்களான நொனாக்கா, தக்கேயுச்சி ஆகியோர் 1995இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அவ்வாறு மாற்றிய அறிவைக் குழுவினர் அனைவரும் தேடிப் படிக்கவும் திருத்தவும் கூடியவாறு சேமித்து வைக்கும் இடமே அறிவுத்தளம். இதற்கு விக்கி மென்பொருள் பொருத்தமானது. முதலாவது விக்கியை வார்ட் கனிங்ஹாம் 1995இல் இணையத்தில் இட்டார். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியை எந்த நிறுவனமும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

இனித் தொலைபேசிப் பக்கம். ஒரு நிறுவனத்துக்குள் அழைப்புகளைக் கிளைகளுக்குப் பிரித்தனுப்பும் முறைமை பி.பி.எக்ஸ். எனப்படும். முன்பு இதனை ஓர் இயக்குநர் வயர்களைச் செருகிச் செய்தார். தன்னியக்கப் பரிமாற்றகத்துக்கு 1891இல் ஆக்கவுரிமை பெற்ற அல்மன் ஸ்ட்ரோஜர் மரணச் சடங்குகள் நடத்துபவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிட்டதால்தான் அவர் இதனைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. இன்று பி.பி.எக்ஸ். பெரும்பாலும் ஒரு மென்பொருளே. மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளைச் சாதாரண கணினியிலேயே நிறுவலாம். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் எஸ்.ஐ.பி. என்னும் நெறிமுறை பயன்படுகிறது.

ஒவ்வோர் அழைப்பு முடிந்ததும் ஆஸ்டெரிஸ்க் ஒரு பதிவை எழுதுகிறது. அழைத்த இலக்கம், அழைக்கப்பட்ட இலக்கம், தொடங்கிய நேரம், பதிலளித்த நேரம், முடிந்த நேரம், முடிவு நிலை என்பன அதிலுள்ள புலங்களிற் சில. இங்கே ஒரு கணிப்பைக் கவனிக்குக. அழைப்பு 10:02:05க்குத் தொடங்கி, 10:02:20க்குப் பதிலளிக்கப்பட்டு, 10:06:20க்கு முடிந்தால், மொத்தக் காலம் 255 செக்கன், பேசிய காலம் 240 செக்கன். வித்தியாசமான 15 செக்கனும் வாடிக்கையாளர் காத்திருந்த நேரம். ஆனால் தானியங்கிக் குரல் முதலில் “ஒன்றை அழுத்துக” என்று பேசினால், அந்தக் கணமே பதிலளித்ததாகப் பதிவாகும். மனிதருக்காகக் காத்திருந்த நேரமும் பேசிய காலத்தினுள் சேர்ந்துவிடும். ஆகவே, அழைப்பை முதலில் ஏற்பது யார் என்று அறியாமல் இந்த எண்களை வைத்து முடிவெடுத்தல் தவறு.

இரண்டு முறைமைகளும் தனித்தனியே நன்கு இயங்கலாம். இடையில் ஒருவர் அமர்ந்து ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதிக்கொண்டிருந்தால் அது தன்னியக்கம் அன்று. தன்னியக்கத்தில் ஒரு தூண்டல், ஒரு நிபந்தனை, ஒரு செயல் என மூன்று உள்ளன. அழைப்பு முடிந்தது என்பது தூண்டல். பதிலளிக்கப்படவில்லை என்பது நிபந்தனை. திருப்பி அழைக்குமாறு பணியாளருக்கு ஒரு பணியை உருவாக்குவது செயல். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே நிலையத்துக்கு முழுச் செலவும் மீளும் என்பது என் கருத்து. பதில் கிடைக்காத கமக்காரர் அடுத்த கடைக்குத்தான் அழைப்பார்.

தூண்டலை அறிய இரு வழிகள் உண்டு. கடிதம் வந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கொரு தடவை தபாற்கந்தோருக்குப் போய் விசாரிப்பது ஒன்று. தபாற்காரர் வந்து வாசலில் மணியடிப்பது மற்றையது. இரண்டாவது முறைக்கு வெப்ஹூக் என்று பெயர். முகில் தொலைபேசிச் சேவைகள் பல இதனை வழங்குகின்றன. ஆஸ்டெரிஸ்க்கில், நிகழ்வுகளை உடனுக்குடன் அறிவிக்கும் மேனேஜர் இடைமுகம் உண்டு. சிறிய பைத்தன் நிகழ்ச்சித்திட்டம் ஒன்று அதனைச் செவிமடுத்து, தேவையானவற்றை மீடியாவிக்கியின் ஏ.பி.ஐ.க்கு எச்.ரி.ரி.பி. வழியாக அனுப்பும்.

எதிர்த் திசையிலும் இணைப்பு வேண்டும். மணி ஒலிக்கும்போதே அழைப்பவரின் இலக்கத்தைத் தேடி, அவர் வாங்கிய பம்பியின் வகையையும் அதற்குரிய கட்டுரையையும் திரையில் காட்டினால், அந்தப் புதிய பிள்ளை “பொறுங்கோ” என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கேதான் பலருக்குப் புள்ளி போகிறது. ஒரே இலக்கம் 021 என்றும் தொடங்கலாம், +9421 என்றும் வரலாம். கணினிக்கு இவை இரு வேறு ஆட்கள். எனவே தேடுமுன் எல்லா இலக்கங்களையும், முதலிலுள்ள 0ஐ நீக்கி +94 சேர்த்து, ஒரே வடிவத்துக்குக் கொணர வேண்டும்.

அடுத்தது இரட்டிப்பு. வலையமைப்புத் தடைப்பட்டால் அதே செய்தி மீண்டும் அனுப்பப்படும். அழைப்புக்குரிய தனித்துவ அடையாளத்தை முதன்மைச் சாவியாகக் கொண்டால் இரண்டாவது பதிவு நிராகரிக்கப்படும். ஓர் அழைப்பை இன்னொரு கிளைக்கு மாற்றும்போது ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் தோன்றலாம். அப்போது வரிசை எண்ணையும் சேர்த்துக் கூட்டுச் சாவியாக்குக.

இப்போது மிக முக்கியமான இடம். எல்லா அழைப்புகளையும் அப்படியே அறிவுத்தளத்தில் கொட்டலாமா? கூடாது. அழைப்புப் பதிவு வெறும் தரவு. “ஓகஸ்ற்றில் நாற்பது பேர் நீர் வராமை பற்றிக் கேட்டனர்” என்பது தகவல். “நீர் வராவிடின் முதலில் புட்வால்வைப் பார், பின்னர் நீர்மட்டத்தை அளந்து பார்” என்பதே அறிவு. முதல் இரண்டையும் பொறி செய்யும். மூன்றாவதற்கு மனிதர் வேண்டும். ஆகவே அழைப்புப் பதிவுகள் தொடர்புடைமைத் தரவுத்தளத்தில் இருக்கட்டும். ஒரே வினா பலமுறை வந்தால் மட்டும் நிகழ்ச்சித்திட்டம் விக்கியில் ஒரு வரைவுப் பக்கத்தைத் திறக்கட்டும். அனுபவமுள்ளவர் அதை நிரப்பி அங்கீகரிக்கட்டும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மென்பொருள்கள் 2022 முதல் கிடைக்கின்றன. அவை தமிழையும் ஏற்கும். ஆனால் பேச்சுத் தமிழும் ஆங்கிலப் பாகப் பெயர்களும் கலந்துவரும் உரையாடலில், அவை எழுதுவதைப் பார்வையிடாமல் வெளியிடுதல் ஆபத்து.

பேச்சை ஒலிப்பதிவு செய்தால் அது தனிப்பட்ட தரவு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்காக மட்டும் தரவைப் பயன்படுத்தல், தேவைக்கு மேற்பட்ட காலம் வைத்திராமை என்னும் கடப்பாடுகளைக் கூறுகிறது. விடையெழுதும்போது இதைக் குறிப்பிடுவோர் மிகச் சிலர். வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் விக்கிக் கட்டுரைக்குள் வரவே கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். விடை தனித்துத் தெரியும்.

பயிற்சி வினா: ஒரு நிலையத்தின் அழைப்பு 14:30:10க்குத் தொடங்கி, 14:30:50க்கு எவரும் பதிலளிக்காமலே முடிந்தது.
(அ) மொத்தக் காலம், பேசிய காலம் ஆகியவற்றைச் செக்கனில் தருக.
(ஆ) இவ்வழைப்பின் பின் நிகழவேண்டிய தன்னியக்கச் செயன்முறைக்குத் தூண்டல், நிபந்தனை, செயல் என்பவற்றை எழுதிப் பாய்ச்சற் கோட்டுப்படம் வரைக.
(இ) அச்சமயம் அறிவுத்தளச் சேவையகம் செயலிழந்திருந்தால், செய்தி இழக்கப்படாமலும் இருமுறை பதியப்படாமலும் இருக்க நீர் மேற்கொள்ளும் ஏற்பாட்டை விளக்குக.