கேள்வி கேட்பது அவிசுவாசமா?



தியானத்திற்கு: அப்போஸ்தலர் 17:10-12

பவுல் போதித்ததையே பெரோயா பட்டணத்தார் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். வேதம் அவர்களைக் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையிலும் இப்படி ஒரு கேள்வி எழும்பிற்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர். (பிரஷ்ய தேசத்து டோனா பிரபுவின் காணிக்கையால் டோனாவூர் எழும்பியதும் இவர் நாளில்தான்.) உபதேசிமாருக்குக் குருப்பட்டம் கொடுக்க பிஷப்தான் வேண்டுமா, வேதத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். ஆங்கிலிக்கன் ஒழுங்குகளைக் குறைகூறி எழுதியும் விட்டார். 1835-ல் சி.எம்.எஸ். சங்கம் அவரை விலக்கியது. ஆற்காட்டுக்குப் போனவரை உபதேசிமார் திரும்ப அழைத்தார்கள், சபைகள் இரண்டுபட்டன. 1838-ல் அவர் மரித்தபின் அவரைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சங்கத்தோடு ஒப்புரவானார்கள். சங்கம் கேட்ட ஒழுங்கும் வீணல்ல என்றே எண்ணுகிறோம். ஆனால் கேட்டவரை அவிசுவாசி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஐந்தருவிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளில் சிலர், “ஜெபித்தும் சுகமில்லை, விசுவாசக் குறைவு என்கிறார்களே, மெய்தானா?” என்று அழுகிறார்கள். நாங்கள் யோபுவின் புத்தகத்தைத் திறந்து, கட்டிலருகே உட்கார்ந்து அவர்களோடு வாசிக்கிறோம். மாத்திரையும் நேரத்துக்குக் கொடுக்கிறோம்.