பனி ஏட்டில் ஒரு திருத்தம்

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே ஆவியாகி மறைவதை நாம் வீட்டிலேயே காண்கிறோம். இதுவே பதங்கமாதல். எஞ்சிய துண்டு அளவில் குறையுமேயன்றித் தன்மையில் மாறாது. துருவப் பனியும் இவ்வாறே என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு.

நீர் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 500-இல் ஒன்று, கனமான ஆக்சிஜன்-18 ஐசோடோப்பு உடையது. குளிர் மிகுந்தபோது பெய்யும் பனியில் இதன் பங்கு குறையும். டென்மார்க் அறிஞர் வில்லி டான்ஸ்கார்டு 1964-இல் இத்தொடர்பை விரிவாக விளக்கினார். துருவப் பனிப்பாளத்தின் அடுக்குகள் பண்டைய வெப்பநிலையைக் கூறும் ஏடுகளாயின.

பனி அடுக்கடுக்காக முழுமையாக ஆவியாகும். எஞ்சியதன் கலவை மாறாது என்பது பழைய கருத்து. ஆய்வுக்கூடத்திலும், கிரீன்லாந்தின் ஈஸ்ட்கிரிப் முகாமிலும் நடத்தப்பெற்று 2021-இல் வெளியான சோதனைகள் வேறு கூறின. இலேசான மூலக்கூறுகள் முந்திச் செல்கின்றன; கனமானவை பின்தங்குகின்றன. பனித்துகள்களின் இடைவெளியில் ஆவி உலவி மீண்டும் படிவதால், இம்மாற்றம் சில சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்குகிறது.

விளைவு யாது? குளிர்நாளில் பெய்த பனி, சற்று வெப்பமான நாளில் பெய்ததுபோல் பொய்க்கணக்குக் காட்டும். ஆயினும் வழி உண்டு. புதுப்பனியில் டியூட்டீரிய மாற்றம் ஆக்சிஜன்-18 மாற்றத்தைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. பதங்கமான பனியில் இவ்விகிதம் குறைகிறது. இரண்டையும் சேர்த்து அளந்தால் திருத்தத்தின் தடம் புலப்படும்.

ஏட்டில் எழுதியதை மட்டுமன்றி, பின்னர்த் திருத்தியதையும் அறிந்து படிப்பதே அறிவியல் என நான் உணர்ந்தேன்.